அணுவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி? ரங்கூன் மாலை வகுப்பிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

ரங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில் மாலை நேரத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்தும் வாசிப்பும் முடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்பார்கள். அப்படித் தொடங்கியது, இப்போது வாரத்தில் ஒரு மணி நேரம் அறிவியலுக்கென்றே ஒதுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பெகு, தட்டோன், மோல்மீன் பக்கம் இதேபோல வகுப்பு எடுக்கும் தம்பி தங்கைகளும், பிள்ளைகளின் பெற்றோரும் அணுப் பாடத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்த வயதில் அணுவைப் பற்றிப் பேசலாம்?

என் அனுபவத்தில், பத்து வயதில் "எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துகள்களால் ஆனது, அவை சும்மா இருப்பதில்லை" என்பது போதும். புரோட்டான், எலக்ட்ரான் எல்லாம் பதிமூன்று, பதினான்கு வயதில் வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு முதலிலேயே அணுவின் உட்பாகங்களை வரையச் சொன்னால் பிள்ளை படத்தை நன்றாக வரைந்துவிடும். ஆனால் தண்ணீர் ஏன் காய்கிறது என்று கேட்டால் முழிக்கும்.

முதல் வகுப்புக்கு எதைக் கொண்டுபோவது?

கற்பூரம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஒரு வில்லையைத் திறந்த தட்டில், இன்னொன்றை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். இரண்டையும் முதல் நாள் பிள்ளைகளே சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அளவு எடுக்கட்டும். அடுத்த வாரம் வந்து பார்த்தால் தட்டில் இருந்தது கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருக்கும். தட்டு நனையவில்லை, ஒழுகவில்லை. ஆனால் மண்டபத்துக்குள் நுழையும்போதே வாசனை வந்தது அல்லவா? அங்கேதான் பாடம் தொடங்குகிறது. கட்டியிலிருந்து பிய்ந்து போன துகள்கள் காற்றில் அலைந்து நம் மூக்கில் வந்து முட்டியிருக்கின்றன. திடப்பொருள் உருகாமலே வாயுவாவதைப் பதங்கமாதல் என்கிறோம். அந்தச் சொல்லைக் கடைசியில் சொன்னால் போதும்.

பாட்டிமார்கள் கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பார்கள். அதைப் பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள். மிளகு போட்ட டப்பா ஒன்று, போடாத டப்பா ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி மூடி வைத்து அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். மூடிய டப்பாவுக்குள் வெளியேறும் துகள்களும் திரும்பி வந்து ஒட்டும் துகள்களும் சரிக்குச் சரியாகிவிடும் என்பதை அவர்களாகவே நெருங்கி வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை: கற்பூரம் விஷம். கற்கண்டு மாதிரி இருக்கிறதே என்று சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடக்கூடாது. எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

கற்பூரம் எரிந்தால் ஒன்றுமே மிஞ்சுவதில்லையே, அணுக்கள் அழிந்துவிட்டனவா?

ஆரத்தி பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி இது. தன்னை முழுவதும் கரைத்துக்கொள்வது என்று பெரியவர்கள் சொல்லும் பொருளை நாம் மறுக்க வேண்டாம். வகுப்பில் வேறு ஒன்றைக் காட்டலாம். எரியும் கற்பூரத்துக்கு மேலே ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடியுங்கள் (பெரியவர்தான் பிடிக்க வேண்டும்). கரி படியும். அது கற்பூரத்தில் இருந்த கார்பன். ஒரு கற்பூர மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணு இருக்கின்றன. எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து சேர்கிறது. கார்பன் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் நீராவியாகவும் போகின்றன, கொஞ்சம் கார்பன் கரியாகத் தங்குகிறது. எண்ணிக்கையில் ஒரு அணுகூடக் குறையவில்லை, ஜோடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தனாக்காவை அரைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் அணு வருமா?

ஒரு பெண் குழந்தை கன்னத்தில் தனாக்கா பூசிக்கொண்டு வந்து இதைக் கேட்டது. இந்த ஊர் வழக்கப்படி தனாக்கா மரக் கட்டையை வட்டக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் குழைத்துப் பூசுகிறோம். விரலால் தடவினால் நைசாகத்தான் இருக்கும். ஆனாலும் வராது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு அகலம் உள்ள பொடித்துகளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஆயிரக்கணக்கான கோடி அணுக்கள் இருக்கும். கல்லால் தேய்ப்பதில் பொடி நைசாகும், அணு அணுவாகப் பிரியாது. அடுப்பில் எரித்தால்தான் மூலக்கூறுகள் உடையும். அப்போதும் அணுக்கள் அப்படியே இருக்கும்.

அணு எவ்வளவு சின்னது என்பதை எப்படி உணர்த்துவது?

"ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு" என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். நான் தங்க ரேக்கிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் நாம் இருக்கும் நாடு அதற்குப் பேர்போனது.

மாண்டலேயில் தங்க ரேக்கு அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னத் தங்கத் துண்டுகளை மூங்கில் காகிதத்துக்கு நடுவே அடுக்கி, மான் தோலில் கட்டி, மூன்று கிலோ இருக்கக்கூடிய சம்மட்டியால் மணிக்கணக்கில் அடிக்கிறார்கள். நேரம் பார்க்க அவர்கள் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாத்திரம் இருக்கும். அடியில் சின்ன ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டை அதில் மிதக்கும். தண்ணீர் ஏறி அது மூழ்கினால் ஒரு கணக்கு. எடுத்து மறுபடி மிதக்க விடுவார்கள். இப்படி அடித்து அடித்து வரும் ரேக்கை விரலில் எடுத்தால் ஒட்டிக்கொள்ளும், மூச்சு விட்டால் பறந்துவிடும்.

நல்ல தங்க ரேக்கின் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் கனத்துக்கு 500 முதல் 1000 ரேக்குகளை அடுக்கலாம். சரி, இந்த ரேக்கின் கனத்துக்குள் எத்தனை தங்க அணு நிற்கும் என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்பார்கள். விடை சுமார் 350-லிருந்து 400. இவ்வளவு மெல்லியதாக அடித்த பிறகும் நானூறு மாடிக் கட்டடம் மாதிரி அணுக்கள் நிற்கின்றன!

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஒரு கிராம் தங்கத்தை இந்தக் கனத்துக்கு அடித்தால் எவ்வளவு பரப்பு வரும்? அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு கோலம் போடும் இடம். மாண்டலே மகாமுனி புத்தர் சிலையின் உடம்பில் பக்தர்கள் ஒட்டிய ரேக்கு சுமார் 15 சென்டிமீட்டர் கனத்துக்குச் சேர்ந்திருக்கிறது என்பார்கள். இடைவெளியே இல்லாமல் ஒட்டியதாக வைத்துக்கொண்டால் ஒரே இடத்தில் எத்தனை ரேக்கு? 15 லட்சம். என் வகுப்பில் ஒரு பையன் இந்த விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அத்தனை பேரா வந்து ஒட்டினார்கள்?" என்றான். அணுவைவிட அதுதான் அவனைத் தொட்டது. பரவாயில்லை, எண்ணின் பருமன் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

கண்ணால் பார்க்காததைப் பிள்ளை எப்படி நம்பும்?

நம்பச் சொல்லாதீர்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லுங்கள். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். இதை விட்டுவிட்டால் அணுவும் ஒரு கட்டுக்கதை மாதிரி மனதில் உட்கார்ந்துவிடும்.

1827-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் மகரந்தத்தில் இருக்கும் நுண்துகள்களை நீரில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவை ஓயாமல் ஆடின. உயிர் இருப்பதால் ஆடுகிறதோ என்று உயிரில்லாத கல்பொடியையும் போட்டுப் பார்த்தார். அதுவும் ஆடியது. காரணம் புரியப் பல வருடம் ஆனது. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் முட்டுவதால் துகள் தள்ளாடுகிறது என்று 1905-ல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டுக் காட்டினார். ழான் பெரின் பொறுமையாக அளந்து அது சரிதான் என்று நிறுவினார். அவருக்கு 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது. மைக்ராஸ்கோப் கிடைத்தால் நீங்களும் செய்யலாம்: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் கலந்து, அதில் ஒரு துளியை 400 மடங்கு பெருக்கிப் பாருங்கள். கொழுப்பு உருண்டைகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் தூசியைக் காட்டி "இதுதான் அந்த ஆட்டம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை ஆட்டுவது பெரும்பாலும் காற்றோட்டம்.

அப்புறம் மறுபடியும் தங்கத் தகடு. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின் மேல் ஆல்பா துகள்களை (கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாகப் பாய்ந்து வரும் நுண்துகள்களை)ப் பாய்ச்சினார்கள். மார்ஸ்டன் அப்போது இருபது வயது மாணவர். இதை வகுப்பில் சொல்லுங்கள். பெரும்பாலான துகள்கள் தகடே இல்லாதது போல நேராகப் போயின. ஆனால் மிகச் சில பெரிய கோணத்தில் திரும்பின. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பாதிக்கும் குறைவான கனமுள்ள தங்கத் தகட்டில், 20,000-ல் ஏறக்குறைய ஒன்று செங்கோணத்துக்கே திரும்பியது என்று ரதர்ஃபோர்ட் 1911-ல் எழுதினார். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் விட்டால் போதும். "நிறைய இடம் காலியாக இருக்கிறது, ஆனால் எங்கோ ஒரு கெட்டியான புள்ளி இருக்கிறது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ரதர்ஃபோர்ட் வந்து சேர்ந்த இடமும் அதுதான். அந்தக் கெட்டியான புள்ளியைத்தான் அணுவின் கரு என்கிறோம்.

1981-ல் ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் பார்க்கும் மைக்ராஸ்கோப் வந்த பிறகு தனித்தனி அணுக்களின் படமே கிடைத்துவிட்டது. அந்தப் படத்தைக் கடைசியில் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் முன்னே சொன்ன இரண்டு கதைகளின் அருமை தெரியாது.

புத்தகத்தில் சூரியனைச் சுற்றும் கோள்கள் மாதிரி படம் இருக்கிறதே, அது தவறா?

ஒரு காலத்தில் உதவிய படம். 1913-ல் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி சொன்ன மாதிரியில் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட வட்டப்பாதைகளில் சுற்றின. ஹைட்ரஜன் உமிழும் ஒளியை அது அழகாக விளக்கியது. இன்று எலக்ட்ரானை, கருவைச் சுற்றிப் பரவிய மேகம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், மேகம் அடர்த்தியாக உள்ள இடத்தில் அதைக் காணும் வாய்ப்பு அதிகம். சின்ன வகுப்புக்கு வட்டப்பாதைப் படத்தை வைத்துக்கொள்ளலாம், "இது கணக்கு வைத்துக்கொள்ள ஒரு வரைபடம்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அந்தப் படத்தில் எனக்குப் பெரிய குறை அளவுதான். கருவும் எலக்ட்ரானும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் கோயிலையே எடுத்துக்கொள்வேன். ஒரு கொண்டைக்கடலையைக் கருவறையில் வைத்தால் அது தங்க அணுவின் கரு. எலக்ட்ரான் மேகத்தின் விளிம்பு எங்கே இருக்கும்? மண்டபம் தாண்டி, கொடிமரம் தாண்டி, வாசல் தாண்டி, சாலையில் நூறு மீட்டர் தள்ளி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடி எண்ணிக்கொண்டே நடந்து போங்கள். திரும்பிப் பார்த்தால் கடலை இருக்கும் திசைகூடச் சரியாகத் தெரியாது. அணுவின் எடை கிட்டத்தட்ட முழுவதும் அந்தக் கடலைக்குள் இருக்கிறது. கருவறை, அணுக்கரு என்று இரண்டு சொல்லிலும் "கரு" இருப்பதால் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பதிகிறது.

ஒரு சின்னக் குழப்பம் வரும், கவனியுங்கள். உயிரியலில் செல்லுக்கும் உட்கரு உண்டு. அதனால் அணுவுக்கு உயிர் உண்டு என்று சில பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

தங்க அணு மஞ்சளா? கல் அணு கடினமா?

இரண்டும் இல்லை. நிறம், கடினம், உருகுவது எல்லாம் ஏராளமான அணுக்கள் சேர்ந்து நிற்கும்போது வரும் குணங்கள். தங்க ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊடே வரும் வெளிச்சம் பச்சையாகத் தெரியும். அதே தங்கம்தான்.

இதை விளக்க இந்த நாட்டில் இன்னும் இரண்டு பொருள் இருக்கின்றன. ஷ்வேடகோன் பகோடாவின் உச்சியில் 76 காரட் வைரம் இருக்கிறது. அடுப்பில் கரி இருக்கிறது. இரண்டிலும் இருப்பது கார்பன் அணு. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் நாலு அணுக்களைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. பென்சில் முனையில் உள்ள கிராபைட்டில் அவை தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன, தட்டுகள் வழுக்குவதால்தான் எழுத முடிகிறது.

இன்னொன்று, மாண்டலேக்கு வடக்கே மோகோக்கில் எடுக்கும் மாணிக்கம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம் அது. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ குரோமியம் அணு வந்து உட்கார்ந்தால் சிவப்பு. அதே படிகத்தில் இரும்பும் டைட்டானியமும் புகுந்தால் நீலக்கல். ஊருக்குள் ஓரிரண்டு புது ஆள் வந்ததும் ஊரின் நிறமே மாறிவிட்டது என்று ஒரு பிள்ளை சொன்னாள். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

துகள்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. "காற்று" என்பதுதான் பிள்ளைகளின் வழக்கமான பதில். காற்றே துகள்களால் ஆனது என்று நினைவூட்டினால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது? பிள்ளைகள் மூன்று மொழியில் திண்டாடுகிறார்களே.

பள்ளியில் பர்மிய மொழி, மேல்வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். திண்டாட்டம் உண்மைதான். ஆனால் பிள்ளை எந்த மொழியில் "ஏன்?" என்று கேட்கிறதோ அந்த மொழியில் விளக்குங்கள். தமிழில் புரிந்துகொண்ட ஒன்றைப் பரீட்சையில் வேறு மொழியில் எழுதுவது கஷ்டமில்லை. புரியாததை எந்த மொழியிலும் மனப்பாடம்தான் செய்ய முடியும். என் வகுப்பில் நோட்டில் மூன்று பத்தி போட்டு மூன்று மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம்.

பர்மிய மொழியில் அணுகுண்டு, அணுசக்தி பற்றிப் பேசும்போது வரும் "அணுமியூ" என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதில் முன்னால் நிற்பது, பாலி வழியாக வந்த அதே "அணு". "மியூ" என்றால் மூடுபனி. இதைச் சொன்ன அன்று வகுப்பே உற்சாகமாகிவிட்டது.

யூடியூப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. தமிழ்நாட்டுப் பாடத்தில் தனிமம், சேர்மம், எலக்ட்ரான். இலங்கைப் பாடத்தில் மூலகம், சேர்வை, இலத்திரன். இரண்டும் தமிழ்தான். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதையும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

நம் முன்னோர் அணுவைப் பிளப்பதை அறிந்திருந்தார்கள் என்கிறார்களே?

திருக்குறளைப் புகழ, அணுவைத் துளைத்து ஏழு கடலைப் புகட்டியது என்று ஔவையார் பாடியதாகத் திருவள்ளுவமாலையில் ஒரு வரி உண்டு. அது குறளின் சுருக்கத்துக்குச் சொன்ன உவமை. மிக நுண்ணியது என்ற எண்ணம் நம்மிடம் பழையது, அதற்கு ஒரு சொல்லும் இருந்தது. அதில் பெருமைப்படலாம். ஆனால் எடைபோட்டு, சோதித்து, 1803-லிருந்து டால்டன் வளர்த்த அணுக்கொள்கை வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் பிள்ளைக்கு இரண்டுமே சரியாகக் கிடைக்காது.

அணு என்றதும் குண்டு என்று பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

யுரேனியம் 235 போன்ற சில கனமான கருக்கள்தான் அப்படிப் பிளந்து, பக்கத்துக் கருக்களையும் பிளக்க வைக்கின்றன. சோற்றிலும் தண்ணீரிலும் உள்ள அணுக்கள் அப்படிச் செய்யாது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் நடந்ததை வளர்ந்த பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

118 தனிமங்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். முதல் இருபது போதும். இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம், ஈயம் ஆகியவற்றின் குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெயருக்கும் குறியீட்டுக்கும் சம்பந்தம் இல்லாமல் அவை குழப்பும்.

மாதிரி செய்ய என்ன வாங்குவது?

எதுவும் வாங்க வேண்டாம். ராத்திரி ஊறவைத்த பட்டாணியும் ஈர்க்குச்சியும் போதும். ஆக்சிஜனுக்குப் பெரிய கொண்டைக்கடலை, ஹைட்ரஜனுக்குப் பட்டாணி. நீர் மூலக்கூறைச் செய்யும்போது மூன்றையும் ஒரே நேர்கோட்டில் குத்துவார்கள். இரண்டு குச்சிக்கும் நடுவே 104.5 பாகைக் கோணம் வர வேண்டும், செங்கோணத்தைவிடக் கொஞ்சம் அகலம். அந்த வளைவு இல்லையென்றால் நீர் இவ்வளவு பொருள்களைக் கரைக்காது. குச்சி என்று ஒரு பொருள் உண்மையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வரையச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி, காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அமுக்கச் சொல்லுங்கள். பாதி தூரம் போகும். தண்ணீரை நிரப்பி அமுக்கினால் அசையாது. இப்போது காற்றுத் துகள்களைப் புள்ளியாக வைத்து, அமுக்கும் முன் ஒரு படம், அமுக்கிய பின் ஒரு படம். சில பிள்ளைகள் இரண்டாவது படத்தில் புள்ளியைச் சின்னதாக்குவார்கள், சிலர் எல்லாவற்றையும் முனையில் குவிப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு வகுப்பு வேண்டும். போன மாதம் ஒரு பையன் இரண்டாவது படத்தை முடித்துவிட்டு, விரலை வைத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினான். முதல் படத்தில் பதினான்கு, இரண்டாவதில் பதின்மூன்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே பென்சிலை எடுத்து விட்டுப்போன புள்ளியை வைத்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினான்.